பெயர் சொல்லாத விண்ணப்பம்

ஜெபக்கா என்றால் அந்தச் சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வேலை போயிற்று, யாருடைய மருமகள் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள், எல்லாம் முதலில் அவள் காதுக்குத்தான் வரும். உடனே வம்பு பேசுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். வம்பு என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் நடத்தியது ஜெபச் சங்கிலி. கஷ்டத்தில் இருப்பவர் அவளிடம் சொல்வார், அவள் பேக்கரிக்காரம்மாவிடம் சொல்வாள், பேக்கரிக்காரம்மா அடுத்தவரிடம் சொல்வாள், பொழுது சாய்வதற்குள் சபையில் பாதிப் பேர் முழங்காலில் நிற்பார்கள். பிறகு கைப்பேசியில் குழு வந்தது. குரலைப் பதிவு செய்து ஒரு தட்டு தட்டினால் போதும் என்று ஆனது. சங்கிலி என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. "பொத்தாம்பொதுவா ஜெபிக்காதீங்க. குறிப்பா ஜெபிக்கணும். கால் வலின்னு சொன்னா எப்படி? எந்தக் கால், முட்டியா கணுக்காலா, ஏறும்போது வலிக்குதா இறங்கும்போது வலிக்குதா, அதைச் சொல்லுங்க" என்பாள்.

"ஏன்கா, எந்த முட்டின்னு கர்த்தருக்குத் தெரியாதா?" என்று அவள் தம்பி ஒருமுறை கிண்டல் செய்தான்.

"அவருக்குத் தெரியும்டா. ஜெபிக்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள்.  

பிழைப்புக்கு அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். லென்ஸைப் பிரேமின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்துவது, தளர்ந்த திருகை முடுக்குவது, காதில் அழுத்துகிற கம்பியைச் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பது, இதெல்லாம் அவள் கைவேலை. கண்ணாடி போட்டுப் பார்க்க வருகிறவர்கள் அவள் முன்னால் முகத்தை நீட்டிக்கொண்டு உட்காருவார்கள். அவள் இரண்டு கையாலும் காதோரம் தடவி, "இங்கே அழுத்துதா? மூக்குல வழுக்குதா?" என்று கேட்பாள். முகத்தை அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் சும்மா இருப்பதில்லை. தூக்கம் வரவில்லை என்பார்கள், மகன் பேசுவதில்லை என்பார்கள். அவள் "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்பாள். சொன்னால் செய்வாள். அதிலே ஒரு குறையும் சொல்ல முடியாது.

அப்பா அம்மா போனபிறகு அவளுக்கு மிஞ்சியது தம்பி ஒருவன்தான். அவனைப் படிக்க வைத்ததும் ஆளாக்கியதும் அவள். தனக்கென்று ஒரு கல்யாணம் அந்த அவசரத்தில் நழுவிப் போனதைப் பற்றி அவள் பெரிதாக அலட்டிக்கொண்டதும் இல்லை. தம்பி கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை சபையில் கீபோர்டு வாசித்தான். சனிக்கிழமை மாலை சபைப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தான். பாட்டுக்கு மட்டுமில்லை, ஜெபம் நடக்கும்போதும் அடியில் மெல்ல வாசித்துக்கொண்டே இருப்பான். யார் எவ்வளவு நீட்டி ஜெபித்தாலும் அவன் கை அலுக்காது. நல்ல பையன், கையில் தொழில், தலையில் கனம் இல்லை. பெண் கொடுக்க ஆளா இல்லை? பேக்கரிக்காரம்மா தன் அண்ணன் மகளுக்கு அவனைக் கேட்டாள். ஜெபக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண் பார்ப்பது என்று பேசி முடித்துவிட்டு வந்து தம்பியிடம் சொன்னாள்.

அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். குழாயை மூடினான்.

"வேண்டாம்கா."

"பொண்ணை ஒரு தடவை பாருடா. பார்த்துட்டுச் சொல்லு."

"அந்தப் பொண்ணு மேல குறை இல்லை. எந்தப் பொண்ணும் வேண்டாம். எனக்குப் பொண்ணுங்க மேல அந்த நினைப்பே வந்ததில்லைக்கா. ஆம்பளைங்க மேலதான் வருது. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். மாத்திக்கலாம்னு எவ்வளவோ பார்த்தேன். ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டு ஏமாத்த என்னால முடியாது."

 அந்த நேரத்தில் அவளுக்கு முதலில் வந்தது அன்பு என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வந்தது வெட்கம். தன் வீட்டிலா, தான் வளர்த்த பிள்ளையா என்கிற வெட்கம். முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வியைப் பாருங்கள்.

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"உன்கிட்ட மட்டும்தான்."

"சொல்லிடாதேடா."

"நான் சொல்லலை. நீ சொல்லிடாதேக்கா."

"நானா? என்னடா பேச்சு இது! என் தலையே போனாலும் சொல்ல மாட்டேன்."

அவன் ஈரக்கையோடு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் எழுந்து வந்து அவன் தலையைத் தொடுவாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. அவள் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் பேக்கரிக்காரம்மாவுக்குப் போன் செய்து, "இப்போதைக்குக் கல்யாணப் பேச்சு வேண்டாம்னு தம்பி சொல்றான்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு மென்று விழுங்கினாள். கடையில் அன்று அவளுக்கு எதுவும் ஓடவில்லை. ஒரு பெரியவருக்கு வலது லென்ஸை இடப்பக்கம் பொருத்திக் கொடுத்துவிட, அவர் படியில் தடுமாறித் திரும்பி வந்தார். இத்தனை வருஷத்தில் அவள் செய்யாத தப்பு. நெஞ்சுக்குள் ஒரு பாரம் ஏறி உட்கார்ந்திருந்தது. பாரம் வந்தால் அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதானே? எத்தனையோ பேரின் பாரத்தைச் சங்கிலியில் ஏற்றி இறக்கியவள் தன் பாரத்தை மட்டும் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? பெயர் சொல்லாவிட்டால் தப்பில்லை என்று தனக்குத் தானே தீர்ப்புக் கொடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தாள்.

"ஸ்தோத்திரம். ஒரு முக்கியமான விண்ணப்பம். பெயர் வேண்டாம், கர்த்தருக்குத் தெரியும். ஒரு வாலிபத் தம்பி. ஊழியத்துல இருக்கிற பிள்ளை. தாய் தகப்பன் இல்லை. கல்யாணத்தை வேண்டாம்னு தள்ளுறான். பொண்ணுங்க மேல இல்லாம ஆம்பளைங்க மேல நாட்டம் போற ஒரு போராட்டம். சின்ன வயசுல இருந்தே அப்படியாம். வளர்த்தவங்க மனசு உடைஞ்சு போயிருக்கு..."

இங்கே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஆமென் சொல்லி அனுப்பினாள். குறிப்பாக ஜெபிக்கணும் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அல்லவா, ஒன்றையும் விடவில்லை. பெயரைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்த அழுகையைக் கேட்டவர்களுக்குப் பெயர் எதற்கு? இருந்தாலும் அனுப்பியபிறகு அவளுக்கு மனசு லேசானது. பசியெடுத்துச் சாப்பிட்டாள். பின்னால் இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு மற்றதைவிட அந்தப் பசிதான் அதிகம் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு கிடங்குக்கு மேலே இருந்த வாடகைக் கூடத்தில்தான் சபை கூடியது. பாடல் முடிந்து, விருப்பமுள்ளவர்கள் சத்தமாக ஜெபிக்கலாம் என்று போதகர் சொன்னார். தம்பி வழக்கம்போல அடியில் மெல்ல வாசித்துக்கொண்டிருந்தான். பேக்கரிக்காரம்மா எழுந்தாள். கெட்ட மனசுக்காரி இல்லை அவள். யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் கேக் செய்து எடுத்துக்கொண்டு போய் நிற்பவள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, உருகி உருகி ஜெபித்தாள்.

"ஆண்டவரே, எங்க கீபோர்டு தம்பிக்காக உம்மைக் கெஞ்சுறோம். ஆம்பளைங்க மேல வர்ற இந்த இச்சையில இருந்து அவரை விடுவியும். அவருக்கு ஒரு குடும்பத்தைக் கட்டிக்கொடும். அவரை வளர்த்த அக்காவோட கண்ணீரைப் பாரும் ஆண்டவரே!"

கூடம் முழுவதும் "ஆமென்" என்றது. ஜெபக்கா கண்ணைத் திறந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. தம்பி கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். காது மடல் சிவந்திருந்தது. ஆனால் கை நிற்கவில்லை. தன்னைப் பற்றிய ஜெபத்துக்குத் தானே வாசித்துக்கொண்டிருந்தான். பேக்கரிக்காரம்மா முடிக்கும்வரை ஒரு சுரம்கூடப் பிசகாமல் வாசித்தான். முடிந்ததும் மின் இணைப்பைப் பிடுங்கினான், கம்பியைச் சுற்றி வைத்தான், எல்லோருக்கும் நடுவே நடந்து வெளியே போனான். தலையைத் தூக்கி அவனைப் பார்க்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. ஜெபக்காவுக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

அவள் வீட்டுக்கு வந்தபோது அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"நீயாக்கா?"

"ஜெபத்துக்காகத்தான்டா... நான் பெயரே சொல்லலை."

அவன் சிரித்தான். அவன் கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதிருப்பாள். அந்தச் சிரிப்பை அவளால் எதுவும் செய்ய முடியவில்லை.

அதற்குப் பிறகு அவன் அவளோடு சண்டை போடவில்லை. "சாவி இங்கே இருக்கு", "தண்ணி நிக்கப் போகுது" என்கிற அளவுக்குப் பேசினான். தனக்கான சமையலைத் தானே செய்துகொண்டான். சனிக்கிழமை மாலை கீபோர்டு வகுப்புக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. ஒருத்திக்குப் பரீட்சை, ஒருவனுக்குச் சளி, இன்னொருத்தி வீட்டில் விருந்தாளிகள். எல்லாத் தாய்மார்களும் ஜெபக்காவுக்குத்தான் போன் செய்து காரணம் சொன்னார்கள். அதோடு நிற்காமல், "நாங்க உங்களுக்காக ஜெபிக்கிறோம்க்கா" என்றும் சொன்னார்கள். இதே வார்த்தையைத் தான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம், அவர்களுக்கும் இப்படித்தான் சுருக்கென்று குத்தியிருக்குமோ என்று அவள் முதல்முறையாக யோசித்தாள். யோசிக்க யோசிக்க உடம்பு கூசியது.

போதகர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் நெருக்கடியில் கையைப் பிசைகிற ரகம். "அந்த வாய்ஸ் மெசேஜை நானும் கேட்டேன் தம்பி. கேட்டுட்டுப் பேசாம இருந்துட்டேன். அன்னைக்கே உன்கிட்ட வந்திருக்கணும். எனக்கே வெட்கமா இருக்கு" என்றார். சபையில் சிலர் அவனைக் கீபோர்டில் உட்காரவிடக் கூடாது என்கிறார்கள், சிலர் இருக்கட்டும் என்கிறார்கள், எல்லோரும் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள், அவனோடு யாரும் பேசவில்லை, ஆகவே ஒருநாள் உட்கார்ந்து மரியாதையாகப் பேசினால் என்ன என்று கேட்டார்.

தம்பி ஒரு நிபந்தனை போட்டான். "வர்றேன் ஐயா. ஆனா அந்தக் கூட்டத்துல யாரும் ஜெபம் பண்ணக் கூடாது."

போதகர் விழித்தார். "ஆரம்ப ஜெபம் கூடவா?"

"எதுவும் வேண்டாம். கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு என்னைப் பார்த்துப் பேசட்டும். என்கிட்டச் சொல்ல முடியாததைக் கண்ணை மூடிக்கிட்டு ஆண்டவர்கிட்டச் சொல்ற மாதிரி என் காதுல போட வேண்டாம்."

ஜெபம் இல்லாத சபைக் கூட்டமா என்று சங்கிலியில் ஒரே கொந்தளிப்பு. இருந்தாலும் வந்தார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார் போதகர். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, வசனத்தை யார் தலையிலும் போடக் கூடாது, இங்கே கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சொன்னார். கடைசி விதியைச் சொல்லும்போது யாரையும் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை ஜெபக்கா கவனித்தாள். அவளைப் பார்த்தே சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பேக்கரிக்காரம்மா முதலில் பேசினாள். "நான் நல்லதுன்னு நினைச்சுத்தான் ஜெபிச்சேன் தம்பி. எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது. வீட்டுக்குப் போனதும் என் பொண்ணு என்னைக் கிழிச்சுட்டா. மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

அடுத்து மூப்பர். சபை தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவர், கண்டிப்புக்குப் பேர்போனவர். "தம்பி, பொய் சொல்ல எனக்குத் தெரியாது. நான் வேதத்தைப் படிச்ச அளவுல இது தப்புன்னுதான் எனக்குப் படுது. ஆனா நீ வெளியே போன ஞாயித்துக்கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கலை. அது ஏன்னும் எனக்குத் தெரியலை" என்றார்.

"நீங்க நேரா சொன்னதே எனக்குப் போதும் ஐயா" என்றான் தம்பி.

அப்போதுதான் ஜெபக்கா எழுந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல நாளாக மனசுக்குள் கோர்த்து வைத்திருந்தாள். எல்லார் முன்னாலும் தன்னைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும், மிச்சம் வைக்காமல் சொல்லிவிட வேண்டும். உள்ளே எரிகிற வெட்கத்தை வெளியே கொட்டினால்தான் ஆறும் என்று நினைத்தாள்.

"எல்லாத்துக்கும் காரணம் நான்தான்" என்று தொடங்கினாள். "என் தம்பி என்னை நம்பிச் சொன்னான். சமையலறையில, ஈரக்கையோட நின்னு சொன்னான். மாத்திக்கலாம்னு எவ்வளவோ பார்த்தேன்க்கான்னான். பத்தாவது படிக்கும்போது மூணு நாள் பச்சைத்தண்ணிகூடக் குடிக்காம கிடந்தான், எனக்கு அப்போ ஏன்னு தெரியலை, இப்போதான் புரியுது. ராத்திரியில தலையணையைக் கடிச்சுக்கிட்டு அழுவான்..."

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் தானாக ஏற்ற இறக்கத்துக்கு வந்துவிட்டது. பேக்கரிக்காரம்மா மூக்கை உறிஞ்சினாள். யாரோ கைக்குட்டையை எடுத்தார்கள். ஜெபக்காவுக்கு அந்தப் பழைய லேசு வரத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் சொன்னால் போதும், எல்லாம் இறங்கிவிடும்.

"அக்கா."

தம்பி சத்தம் போடவில்லை.

"உட்காருக்கா. மறுபடியும் நீ என் கதையைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கே."

 மூன்று நாள் பட்டினியைப் பற்றி அதுவரை இந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. தலையணையைப் பற்றியும் தெரியாது. இப்போது எல்லோருக்கும் தெரியும். அவனைத் தவிர வேறு யாரும் சொல்லக் கூடாததை எடுத்து, தன் மன்னிப்புக்கு அலங்காரமாக வைத்து, கூடியிருந்தவர்களுக்குப் பரிமாறியிருக்கிறாள். அதுவும் அவன் கண்ணெதிரில். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் கைகளைப் பார்த்தாள்.

பிறகு அவன் பேசினான். அலங்காரம் ஒன்றும் இல்லை. "எனக்கு இந்தச் சபை வேணும். நான் விசுவாசிதான், இன்னைக்கும். என்னைப் பத்தி என்ன கேக்கணுமோ என்கிட்டக் கேளுங்க. பதில் தெரிஞ்சா சொல்றேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றேன்."

மூப்பர் தொண்டையைச் செருமினார். "கடைசி வரைக்கும் தனியாவே இருந்துடுவியா தம்பி?"

"தெரியலைங்க ஐயா. ஒருத்தரோட வாழணும்னு ஆசை இருக்கு. அப்படி நடந்தா நீங்க எல்லாரும் என்னை என்ன செய்வீங்கன்னு பயமாவும் இருக்கு."

"எனக்கும் பயமாத்தான் இருக்குப்பா" என்றார் மூப்பர். "நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியலை. ஆனா உன்கிட்டக் கேட்காம எதையும் செய்ய மாட்டேன்."

வேறு நாளாக இருந்தால் அந்த இடத்தில் யாராவது வழக்கம்போல அல்லேலூயா சொல்லியிருப்பார்கள். யாரும் சொல்லவில்லை. ஒன்றும் முடிவாகவும் இல்லை. கீபோர்டு விஷயத்தை அடுத்த முறை பேசலாம் என்று போதகர் சொன்னார். இருந்தாலும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசியிருந்தார்கள். அவரவர் நாற்காலியை அவரவரே மடக்கி வைத்தார்கள்.

படியில் இறங்கும்போது அவள் தம்பியை எட்டிப் பிடித்தாள்.

"மன்னிச்சுடுடா. உன் காலைப் பிடிக்கச் சொன்னாலும் பிடிக்கிறேன்."

"மன்னிச்சுட்டேன்கா. அதுல ஒண்ணும் இல்லை." அவன் கைப்பிடியில் சாய்ந்து நின்றான். களைத்திருந்தான். "ஆனா உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்ன வேணும்னாலும் கேளு."

"இனிமே என்னைப் பத்தி யார்கிட்டயும் பேசாதே. போதகர்கிட்ட வேண்டாம், பேக்கரிக்காரம்மாகிட்ட வேண்டாம். கர்த்தர்கிட்டயும் வேண்டாம்."

 "கர்த்தர்கிட்டக் கூடவாடா? உனக்காக ஜெபிக்காம நான் எப்படி..."

"நீ ஜெபிக்கும்போது எனக்கு அடுத்த ரூம்ல கேக்குதுக்கா. அவனுக்கு இது, அவனுக்கு அதுன்னு நீ அடுக்குறது. நான் உன் தம்பியா இல்லாம உன் விண்ணப்பமா ஆகிட்ட மாதிரி இருக்கு. கொஞ்ச நாளைக்கு விட்டுடு. நானே பேசிக்கிறேன் அவர்கிட்ட. எனக்கு எப்போ வேணுமோ, அப்போ நானா வந்து கேக்கறேன்."

 அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் வழக்கம்போலக் கட்டிலோரம் முழங்காலிட்டாள். அவளுக்கு வாய்விட்டுத்தான் ஜெபிக்க வரும். பக்கத்து அறையில் அவன் சட்டைக்கு இஸ்திரி போடுகிற சத்தம் கேட்டது. ஸ்தோத்திரம் சொன்னாள். அவன் பிறந்த நாளிலிருந்து ஒரு காலைகூடத் தவறாமல் முதலில் அவள் வாயில் வருவது அவன் பெயர்தான். பழக்கத்தில் அது உதடுவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

அடுத்த அறையில் இஸ்திரிச் சத்தம் நின்றிருந்தது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. இந்த ஒன்றையாவது இவளிடம் நம்பிக் கொடுக்கலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறான். அவளுக்குக் கழுத்துவரை சூடேறியது. பெற்றவளைப் போல வளர்த்த பிள்ளை, சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் வாயைச் சோதிக்கிற நிலைக்குத் தான் வந்துவிட்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவன் பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகலாம் என்று பார்த்தாள். முடியவில்லை. முகத்தைக் கட்டில் விரிப்பில் புதைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல், இஸ்திரிச் சத்தம் மறுபடி தொடங்கும்வரை அப்படியே முழங்காலில் இருந்தாள்.